பெருமாநல்லூர்ச் சதுரம்

எனக்கு மேகம் போட்ட நாள் பிடிக்கும். வெயில் முதுகைப் பொசுக்காது, தையல் ஹாலில் யாரும் யாரிடமும் எரிந்து விழமாட்டார்கள், டீயும் கொஞ்சம் கூடுதலாக ருசிக்கும். நீங்கள் வாங்கிக் கொடுத்த இந்த டீயும் பரவாயில்லை, மேடம். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் ஓடிப்போகிற ஆள் இல்லை.

என் பெயர் மகுடேஸ்வரன். பெருமாநல்லூரில் என் மச்சான் நடத்தும் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் சுற்றுச்சூழல் மேனேஜர். செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காற்றைப் படிக்கிற படிப்பு படித்தவன். பட்டத்தோடு ஊருக்கு வந்தபோது, "ஏங்கண்ணு, மேல பறக்கறத வெச்சு நம்ம கம்பெனிக்கு என்ன ஆகப்போகுது?" என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். பிறகு அந்த மேலே பறக்கிறதுதான் எங்கள் குடுமியைப் பிடித்தது.

விஷயம் சுலபம். செயற்கைக்கோள் நாளுக்கு ஒரு தடவை, நம் ஆட்கள் காலை டீ குடிக்கிற நேரத்தில், தலைக்கு மேலே கடந்து போகும். பூமியில் பட்டுத் திரும்புகிற வெயிலை வாங்கி, அதில் எந்த நிறம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும். அதை வைத்து, கீழே நைட்ரஜன் டை ஆக்சைடு எவ்வளவு, கந்தகப் புகை எவ்வளவு, மிதக்கும் தூசி எவ்வளவு என்று கணக்குப் போடலாம். ஊரைச் சதுரம் சதுரமாக வெட்டி நிறம் தீட்டுவார்கள். நல்ல காற்றுக்கு நீலம், கெட்ட காற்றுக்குச் சிவப்பு.

எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் இந்தப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு கோடை முழுக்கப் பெருமாநல்லூர்ச் சதுரம் சிவந்தே கிடந்தது. இன்னொரு கோடை இப்படிச் சிவந்தால் வேறு ஊரைப் பார்த்துக்கொள்வோம், இனிப் படத்தை நீங்களே போட்டு அனுப்புங்கள் என்றார்கள். அந்தச் சதுரத்துக்குள் எத்தனையோ லாரி ஓடுகிறது, எத்தனையோ கொதிகலன் எரிகிறது. ஆனால் அவர்களுக்குத் தைத்துக் கொடுப்பது நாங்கள் மட்டும்தான். ஊர்ப் பழி மொத்தமும் எங்கள் தலையில் விடிந்தது. மச்சான் என்னைக் கூப்பிட்டு, "படிச்சவன்தானே, எதாச்சும் பண்ணு மாப்ளே" என்றார்.

பண்ணினேன். அதைத்தான் குற்றம் என்கிறீர்கள்.

எங்களிடம் சேரும் கழிவு இரண்டு வகை. பருத்தித் துண்டு விலைபோகும். அதை நஜீமுதீன் பாய் எடுத்துக்கொள்வார். எங்கள் பின்சுவரை ஒட்டி அவருடைய குடோனும் வீடும். தங்கமான மனிதர். என்னைவிட மூத்தவர், என்றாலும் "தம்பி, வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். இரண்டாவது வகை, ரப்பர் பிரிண்ட் அடித்தது, பாலியஸ்டர் கலந்தது, பாலிதீன் கவர். "இத ஆரும் தொடமாட்டாங்க தம்பி" என்று கையை விரித்துவிடுவார். எரிப்பதைத் தவிர வழியில்லை. எரித்தால் சதுரம் சிவக்கும்.

அப்போதுதான் எனக்கு மேகம் ஞாபகம் வந்தது. மேகத்துக்குக் கீழே இருப்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. அப்படிப்பட்ட சதுரத்தைக் கணக்கிலிருந்தே தள்ளிவிடுவார்கள். படத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. சாலையில் போகிறவர்களுக்கும் புகை எது, மேகம் எது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றாது. நான் எதையும் மறைக்கவில்லை, மேடம். அது கண்ணை மூடுகிற நேரத்தில் என் வேலையைப் பார்த்துக்கொண்டேன்.

வெயில் நாளெல்லாம் கழிவைச் சேர்த்து வைப்போம். காலையில் கொதிகலன் பார்க்கிற ஆத்தப்பன் அண்ணன் என் மேசைக்கு வருவார். "ஏனுங்க, இன்னைக்கு மேகங்களா?" என்பார். நான் போனில் வானிலையைப் பார்த்து, "மேகம்தானுங்கண்ணா" என்பேன். அவ்வளவுதான், மூட்டைகள் அடுப்புக்குப் போகும். எங்கள் பாட்டன் பூட்டன் மேகத்தைப் பார்த்துச் சோளம் விதைத்தார்கள். கம்பெனியிலேயே 'மேக நாள்' என்று ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள் மேகம் கறுத்ததும் கொடியில் காயும் துணியை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். மழைக்காக இல்லை, கரிக்காக.

மேக நாளில் காற்று அசையாது, புகை மேலே போகாமல் தரையிலேயே கிடக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அதுவும் பாடத்தில் உண்டு.

வெறுமையான சதுரங்கள் மட்டும் உறுத்தின. வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்புகிற படம் பூச்சி அரித்த சேலை மாதிரி இருந்தால் நன்றாகவா இருக்கும்? ஓட்டை விழுந்த நாளுக்கு முந்தைய நல்ல நாட்களின் சராசரியைப் போட்டு நிரப்பினேன். உலகமெங்கும் ஆராய்ச்சிக்காரர்கள் செய்கிற காரியம்தான். எங்கள் நல்ல நாட்களெல்லாம் எரிக்காத நாட்கள். எனவே எரித்த நாட்கள் அத்தனையும் நீலமாக வந்தன. அழகான நீலம்.

நஜீமுதீன் பாயின் மனைவி சபுரா பீவிக்கு மூச்சிழுப்பு. பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பும் மகராசி. ஒரு நாள் பாய் என்னிடம் வந்து, "தம்பி, நீங்க வானத்துல இருந்தே காத்தப் பாக்கறீங்களாமே. எந்த நாளு நல்ல காத்து, எந்த நாளு கெட்ட காத்துன்னு எனக்கும் சொன்னீங்கன்னா, இவள அவிநாசில அவ அக்கா ஊட்டுக்கு அனுப்பிக்குவேனுங்க" என்று கேட்டார். எனக்கு மனசு நெகிழ்ந்துபோனது. அன்றிலிருந்து தினமும் காலையில் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பின்பற்றினார். லாரிப் புகையில் எப்போதாவது சிவப்பு வந்தால் சபுரா அவிநாசிக்குப் போய்விடுவார். நீலம் வந்தால் ஜன்னலைத் திறந்துவைத்து, வாசலில் உட்கார்ந்து துண்டுத்துணி பிரிப்பார். நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். ஆமாம், அவர் ஊரைவிட்டுப் போனதெல்லாம் வெயில் நாளில், நாங்கள் எரிக்காத நாளில். மேக நாளில் தவறாமல் வாசலில் இருந்தார். கொஞ்ச நாளிலேயே அது என் கண்ணிலும் பட்டது. திருத்தலாம்தான். ஆனால் ஒரே நாளுக்கு வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு படம், பாய்க்கு ஒரு படம் என்று அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. தொழிலில் ஒரு நேர்மை வேண்டும்.

கார்த்திகையில் அடைமேகம் பிடித்தது. ஒரு பெரிய ஆர்டரில் பிரிண்ட் உரிந்து, மொத்தமும் திரும்பி வந்திருந்தது. ஆத்தப்பன் அண்ணன் இரண்டு நாளாக விடாமல் அடுப்பில் திணித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை அவரே தயங்கினார். "ஏனுங்க, எனக்கே நெஞ்சக் கரிக்குதுங்க. இன்னைக்கு நிறுத்திக்கலாமுங்களா?" மேகம் கலைவதற்குள் முடித்தாக வேண்டும் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பாய் போன் செய்தார். பின்னால் சபுரா மூச்சு வாங்குகிற சத்தம் எனக்கே கேட்டது.

"தம்பி, கண்ணெல்லாம் எரியுதுங்க. இவளுக்கு ரொம்ப முடியல. அவிநாசிக்குக் கூட்டீட்டுப் போயிரட்டுங்களா?"

இந்த இடத்தில் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், நீலம்னு போட்டிருக்குதேங்க என்று கேட்பார். இன்றைய நீலம் தப்பு என்றால் போன வாரத்து நீலம்? அதற்கு முந்தைய நீலம்? வெள்ளந்தியான மனிதர்தான், ஆனால் முட்டாள் இல்லை. எனவே, "கொஞ்சம் இருங்க பாய், புதுப் படம் பாத்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு, அவிநாசிச் சதுரத்தைத் திறந்தேன். அங்கேயும் மேகம், அங்கேயும் வெறுமை. அதற்கு மட்டும் நெடுஞ்சாலையில் நெரிசல் மிகுந்த ஒரு நாளின் அளவை எடுத்துப் போட்டேன். நல்ல சிவப்பாக வந்தது. அதை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"அவிநாசிதான் பாய் மோசமா இருக்குது. பாத்தீங்களா? நம்மூரு நீலம். அவங்க ஊட்டுலயே இருக்கட்டுமுங்க. ஜன்னலத் திறந்து வைங்க, காத்து வரட்டும்."

"நல்லவேளை கேட்டேனுங்க தம்பி" என்றார்.

ஜன்னலைத் திறந்து வைத்தார். மத்தியானம் சபுராவை ஆட்டோவில் ஏற்றும்போதே உயிர் போய்விட்டது.

நான் துக்கத்துக்குப் போனேன். மனசாரத்தான் அழுதேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் போனைக் காட்டினார். "காத்து நல்லாத்தான் இருந்துச்சுங்க, தம்பி அத்தனை தடவ பாத்துச் சொன்னாரு. அல்லா கூப்பிட்டுக்கிட்டான், ஆரு என்ன பண்றது?" உங்களிடம் புகார் கொடுத்தது அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆத்தப்பன் அண்ணனாகத்தான் இருக்கும். வயசாகிவிட்டது, பயந்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

கொலை என்று நீங்கள் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த அம்மாளுக்கு முன்பே இழுப்பு இருந்தது. அந்த நாளில், அந்த இடத்தில், காற்று எப்படி இருந்தது என்பதற்கு எந்தச் செயற்கைக்கோளிடமும் சான்று கிடையாது. இருக்கிற ஒரே படம் நான் போட்டது. அதில் நீலம்தான்.

அன்று என் மனைவியும் மகளும் எங்கே இருந்தார்கள் என்றா கேட்கிறீர்கள்? பொங்கலூரில், மகள் மோனிஷாவின் அப்புச்சி வீட்டில், என் மாமனார் தோட்டத்தில். மேகம் போட்ட நாளெல்லாம் விடிந்ததும் நானே காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன். சுற்றிலும் தென்னந்தோப்பு, ஒரு புகை கிடையாது. அவளுக்கும் சின்னதிலிருந்தே லேசாக இழுப்பு உண்டு, மேடம். பெற்ற பிள்ளை விஷயத்தில் வெறும் படத்தை நம்பிக்கொண்டு இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.