அம்மா தைத்த இருக்கை

டண்டினொங் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு தாயும் பள்ளிச் சீருடையில் மகளும் இருந்தார்கள்.

“அம்மா, நீங்கள் தைச்ச சீட்டிலதான் நான் இருக்கிறன்! இண்டைக்கு வகுப்பில படிச்சம், சாமான் செய்யிறபடியா நீங்கள் புரொடியூசர். நான் சும்மா பாவிக்கிற ஆள்.”

“ஆடாமல் இரு, தையல் விட்டிடும்.”

“நாளைக்கு வகுப்பில உங்களைப் பற்றித்தான் சொல்லப்போறன்.”

தாய் யன்னல் பக்கம் திரும்பினார்.

“வேண்டாம் பிள்ளை. ஃபாக்டரியைப் பூட்டப்போறாங்களாம். இண்டைக்குத்தான் சொன்னவங்கள். இனி இதெல்லாம் வெளிநாட்டில தைச்சுத்தான் வரும்.”

“அப்ப நீங்கள்?”

“இனி நானும் சும்மா சீட்டில இருந்து போற ஆள்தான்.”

அவர்கள் இறங்கும் நிலையம் வந்தது. எழுந்த தாய், இருக்கையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலொன்றைப் பெருவிரலால் உள்ளே அழுத்திவிட்டுப் போனார்.