பொதுக் கம்பி

சின்னப்பராஜ்: ...அப்ப அயர்லாந்துக்காரன் முட்டாளு. கம்பம் ஆஸ்பத்திரியில கெடக்குற நர்ச அம்புட்டுத் தொலவுல இருந்து கூப்புடுறான் பாரு.

ஜெயமேரி: காப்பி ஆறுது. குடிச்சிட்டு டம்ளர வையிங்க.

சின்னப்பராஜ்: வேலைக்குச் சேர வேண்டிய தேதியே போட்டு அனுப்பிட்டான், மேரி. ஒரு பதில் சொல்லு.

ஜெயமேரி: சொல்லியாச்சு. போமாட்டேன். பிள்ள ஷெரின விட்டுட்டு, அந்தக் குளுருல போயி நான் யாருக்கு ஊசி போட?

சின்னப்பராஜ்: குளுராம்ல. மேகமலை எஸ்டேட் லைன் வீடுகள்ல ஆளுக இல்லயா? வெறச்சா போனாக? ஒரு வருசம் பல்லக் கடி. அப்புறம் நாங்களும் வந்துருவோம். பிள்ளைக்குப் படிப்ப அரசாங்கமே குடுக்குதாம். ஒங்கூட வேல பாத்த கட்டப்பனை சேச்சி புருசனக் கூட்டிட்டுப் போயிட்டால்ல?

ஜெயமேரி: அவ புருசனுக்குச் சமைக்கத் தெரியும். நீங்க வந்து என்ன செய்வீக?

சின்னப்பராஜ்: நானும் பொங்கிப் போடுறேன்.

ஜெயமேரி: கிழிச்சீக. நீங்க வச்ச ரசத்த நாயி மோந்து பாத்துட்டுப் போச்சு. சரி, திராட்சத் தோட்டத்த யாரு பாப்பா?

சின்னப்பராஜ்: அண்ணன் பாத்துக்கிரும். ஒரே பந்தல்தான.

ஜெயமேரி: அதத்தான் நானுஞ் சொல்றேன். பாகம் பிரிச்சு எத்தன வருசமாச்சு? நெலம் ரெண்டு, மோட்டார் ரெண்டு, பந்தலுக்கு மட்டும் ஒரே கம்பி. மொதல்ல அத வெட்டித் தனியாக் கட்டுங்க.

சின்னப்பராஜ்: வெட்டுனா ரெண்டு பக்கமும் கொடி தரைக்கு வந்துரும். போன வாரந்தான் எல்லைக்கல்லுல இழுத்து முறுக்கி விட்டேன்.

ஜெயமேரி: அப்ப ஒங்க கிட்டப் பேசிப் புண்ணியமில்ல. கெளம்புங்க.

சின்னப்பராஜ்: ராத்திரி அடிச்ச காத்துல கொடி சரிஞ்சிருக்கான்னு பாத்துட்டு வாரேன். வந்து பேசுவோம். நீ சரின்னு சொல்ற வரைக்கும் விடமாட்டேன்.

ஜெயமேரி: வாங்க, வாங்க. வந்தாலும் இதே பதில்தான்.

* * *

ஜெயமேரி: ...போறேன்னா போறேன், மச்சான். ஒங்க உத்தரவு கேக்க வரல. சொல்லிட்டுப் போக வந்தேன்.

பெனடிக்ட்: எந்தம்பிக்கு முப்பதாம் நாள் பூசைக்கு வச்ச மெழுகுவத்தி இன்னும் பீடத்துல கெடக்கு. அதுக்குள்ள நர்சம்மாவுக்கு ஏரோப்பிளேன் கேக்குதோ?

ஜெயமேரி: கேக்குது.

பெனடிக்ட்: ஊரு என்ன சொல்லும்னு நெனச்சியா?

ஜெயமேரி: ஊரு ஒன்னும் சொல்லல. எல்லாரும் எங்கிட்ட மெல்லப் பேசுறாக. பங்குச்சாமி மெல்லப் பேசுறாரு. ஆஸ்பத்திரியில டாக்டரு மெல்லப் பேசுறாரு. மீன்காரி கூட பேரம் பேசாமக் குடுக்குறா. ஒரு ஆளு எங்கிட்டச் சத்தம் போடல.

பெனடிக்ட்: நான் போடுறேன். போகக் கூடாது. அப்பனும் இல்ல, ஆத்தாளும் இல்லன்னு அந்தப் பிள்ள நிக்கணுமா?

ஜெயமேரி: ஒரு வருசம். அப்புறம் கூப்பிட்டுக்கிருவேன். அங்கன படிப்ப அரசாங்கமே குடுக்குதாம்.

பெனடிக்ட்: அந்தக் குளுருல...

ஜெயமேரி: மேகமலையில ஆளுக இல்லயா? வெறச்சா போனாக?

பெனடிக்ட்: எதுக்கெடுத்தாலும் ஒரு பதிலு. தோட்டம்? அதுக்கும் வச்சிருப்பியே.

ஜெயமேரி: நீங்க பாத்துக்கிருங்க. ஒரே பந்தல்தான.

பெனடிக்ட்: அந்தப் பந்தலப் பத்திப் பேசாத.

ஜெயமேரி: ஏன், பேசக் கூடாதா? ஒங்க தென்னையில இருந்து விழுந்த மட்டை. ஒங்க நெலத்துக்கு மேல போற கரண்டு லைன். அறுந்து ஒங்க பந்தல்ல கெடந்துச்சு. அவுக நின்னது எங்க பக்கம். சரிஞ்ச கொடியத் தூக்கி விடப் பொதுக் கம்பியில கைய வச்சாக. பாகம் பிரிச்ச அன்னைக்கே அத வெட்டியிருந்தா...

பெனடிக்ட்: தெரியும்.

ஜெயமேரி: என்ன தெரியும்?

பெனடிக்ட்: தெரியும்னு சொல்றேன்ல. அன்னைக்கு நான் வெரசா எந்திரிச்சுப் போயிருந்தா எங்கை பட்டிருக்கும். அதையும் சொல்லு. எல்லாரும் மனசுல வச்சுக்கிட்டுத் திரியிறாக. நீயாவது வாயத் தொறந்து சொல்லு.

ஜெயமேரி: சொல்றேன். ஒங்க கைதான் பட்டிருக்கணும்.

பெனடிக்ட்: ...ம்.

ஜெயமேரி: ம்னா?

பெனடிக்ட்: சரின்னு அர்த்தம். அந்தா கட்டிங் பிளேயரு கெடக்கு. வெட்டிருவோம். ஒம் பாகத்தத் தனியாக்கி யாருக்கும் குடுத்துட்டுப் போ. போய்த் தொல.

ஜெயமேரி: வெட்டுங்களேன் பாப்போம்.

பெனடிக்ட்: முந்தாநாளே எடுத்துட்டுப் போனேன். எல்லைக்கல்லுக்கிட்ட ஒக்காந்துட்டு வந்துட்டேன். கை வரல.

ஜெயமேரி: வந்திருந்தா ஒடிச்சிருப்பேன். காயி பிடிச்சு நிக்கிது. வெட்டுனா ரெண்டு பக்கமும் கொடி தரைக்கு வந்துரும்.

பெனடிக்ட்: ஏத்தா... வெட்டு வெட்டுன்னு அவன் உசுர வாங்குனதே நீதான? இது தம்பி பேச்சு. இம்புட்டு நேரமும் அவன் பேச்சத்தான் பேசிருக்க. ஒரு வருசம், அரசாங்கப் படிப்பு, மேகமலைக் குளுரு... எங்கிட்ட வந்து பொலம்புறப்பவும் இதே வார்த்ததான் சொல்லுவான். நீ போமாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்ன.

ஜெயமேரி: வந்து பேசுவோம்னு சொல்லிட்டுப் போனாக, மச்சான். வரல. அவுக பக்கத்த யாரு பேசுறது? நான்தான் பேசணும். அப்ப எம்பக்கத்தப் பேச ஒரு ஆளு வேணும்ல? மெல்லப் பேசாத ஆளா.

பெனடிக்ட்: அதுக்கு நாந்தான் கெடச்சனா?

ஜெயமேரி: கோவம் வந்தா அவுக கொரலுதான் ஒங்களுக்கும்.

பெனடிக்ட்: ...சரி. சண்ட போட்டாச்சு. ஒம்பக்கந் தோத்துருச்சு, அவன் பக்கம் ஜெயிச்சிருச்சுன்னே வச்சுக்க. போ. ஷெரின எம் பொண்டாட்டி பாத்துக்கிருவா. சேர வேண்டிய தேதி என்னைக்கு?

ஜெயமேரி: போன திங்கக்கெழமயோட போயிருச்சு. அன்னைக்கு நான் எல்லைக்கல்லுக்கிட்ட நின்னேன். அவுக முறுக்குன கம்பி இன்னும் தொய்யல.