படம் காயும்வரை பொறுக்கச் சொன்னவருக்கு

மாட்டுங்கா, 31 ஜூலை 1948

எங்கள் எக்ஸ்ரே அறையின் காவலரே, இருபது ஆண்டுகளாக எவருக்கும் வளையாமல் இன்று ஓய்வுபெறும் அன்பிற்குரிய வானமாமலை அவர்களே,

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் என் தம்பி சுயம்பு, வீங்கிய கன்னத்தோடு இம்மருத்துவசாலை வாசலில் நின்றான். தாராவித் தோல் கிடங்கு மேஸ்திரி அந்தக் கன்னத்தைப் பார்த்துத் தன்னைப் "பன்னு" என்று கூப்பிடுவதைச் சொல்லிச் சிரித்தான். "எக்கா, சீக்கிரம் உள்ள அனுப்பு. பத்து மணிக்குப் போகலைன்னா அந்தாளு ஏசுவாரு" என்றான். சீட்டு எழுதும் நான், தம்பியாயிற்றே என்று அவன் சீட்டை எல்லோருக்கும் முன்னால் வைத்தேன். நீங்கள் எடுத்த படம் அப்போது கழுவும் தொட்டியில் கிடந்தது.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர், படம் இன்னும் காயல" என்றீர்கள்.

"பல்லு என் கண்ணுக்கே தெரியறது. உம்ம ஃபோட்டோ என்ன, கல்யாண ஆல்பத்துக்கா?" என்று டாக்டர் இடுக்கியை எடுத்தார்.

பல் வந்தது, வேர் முழுதும் வரவில்லை. நேராக இறங்கவேண்டிய வேர், நுனியில் தூண்டில் முள்ளைப்போல் மடங்கியிருந்ததைக் காய்ந்த படம் காட்டியது. ஒடிந்த துண்டு உள்ளே தங்கிச் சீழ் பிடித்தது. கழுத்து வீங்கி, ஆறாம் நாள் சுயம்பு போனான்.

படம் தெளிவாக விழவில்லை என்று பதிவேட்டில் எழுதச் சொன்னது நிர்வாகம். நீங்கள் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தீர்கள். "தெளிவாத்தான் விழுந்திருக்கு. பாக்கத்தான் ஆளில்ல" என்றீர்கள். சீட்டை முந்தி வைத்தவள் நான் என்று சொல்லி நீங்கள் தப்பியிருக்கலாம், சொல்லவில்லை. நானே எழுந்து சொன்னேன்.

நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காக உங்களுக்கு வரவேண்டிய தலைமைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. நீங்களோ அன்றுமுதல் பல் எடுக்கும் அறையின் கதவில் நின்றீர்கள். படத்தை வெளிச்சத்தில் வைத்து வேரை நுனிவரை விரலால் தொட்டுக் காட்டாமல் எந்த டாக்டரும் உங்களைத் தாண்டி நாற்காலிக்குப் போனதில்லை. கேலி செய்தவர்களும் தொட்டார்கள். வேர் மடங்கிய பல்லோடு வந்தவர்கள், ஈறு திறந்து மெல்ல எடுக்கப்பட்டு, நடந்து வீடு போனார்கள்.

இந்த மடலைப் படித்துப் பார்த்த நிர்வாகம் சுயம்புவின் பத்திகளை அடித்துத் திருப்பியது. விழாவுக்கு மண்டபமும் இல்லை என்றது. ஆகவே உங்கள் இருட்டறை வாசலில் கூடியிருக்கிறோம். அடித்த பத்திகளைத்தான் முதலில் வாசித்தோம். இந்த மடலைச் சட்டமிட்டு மாட்டும்போதும் அவை இருக்கும்.

நீங்கள் போனதும் இவ்வழக்கமும் போகும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். போகாது. இனிக் கதவில் நிற்பது எங்கள் முறை: ராபியா, பஞ்சு, பூதத்தான், பிறகு நான். யார் தம்பியானாலும் சீட்டு படத்தோடுதான் உள்ளே போகும்.

நோயின்றி, மனக்குறையின்றி, எவருக்கும் தலை தாழ்த்தாமல் நெடுநாள் வாழுங்கள். நீங்கள் மாலையோடு இங்கே அமர்ந்திருக்கும் இன்று காலையிலும், முதல் நோயாளியின் படம் காயும்வரை பல் எடுக்கும் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது.

இங்ஙனம்,
எழுதிய அகிலாண்டமும் உடன் ஊழியர்களும்