ஜெரூஷா அக்காவின் கல்யாண வீடியோ

இந்த நினைவுக் கூட்ட மேடையில இருக்கற ஆயர் வேதசிரோமணி ஐயாவுக்கும், சேலையூர் ஸ்கூல்லேந்து வந்திருக்கற டீச்சர்ஸுக்கும், அக்கா குடும்பத்துக்கும், அக்கா நடத்தின 'நரம்பும் நாமும்' யூடியூப் சேனலைப் பார்த்துட்டு முகம் தெரியாம வந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம். நான் அசார், மேடவாக்கம். சேனலுக்கு எடிட்டிங் நான்தான். அதுக்கு முன்னாடி கமெண்ட்ல ஹார்ட் போட்டுட்டிருந்த வெறும் ஃபேன்.

வாசல்ல பேனர் பார்த்தீங்களா? 'உடல்நலக் குறைவால்' இறந்துட்டாங்களாம். சயின்ஸ் டீச்சர் ஜெரூஷா தேவானந்தம் சளி பிடிச்சா செத்தாங்க? மோட்டார் நியூரான் நோய், தசையை அசைக்கற நரம்புகள் ஒண்ணொண்ணா செத்துப் போற நோய். அந்தப் பேரை ஊருக்கே சொல்லிக் குடுத்தவங்க பேனர்ல அதுக்கு மட்டும் இடம் இல்லையா?

முதல்ல அக்கா கையிலேந்து சாக்பீஸ் விழுந்துச்சு. கழுத்தெலும்பு தேய்மானம்னு பெல்ட் போட்டு விட்டாங்க. அப்புறம் ஒரு நரம்பு டாக்டர் கேட்டார், "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?" கூடப் போன அண்ணன் ஜோனத்தான் முந்திக்கிட்டார். "யாருக்கும் இல்ல சார். அப்பா மாடிப்படியில விழுந்து படுத்தவர்." அண்ணனோட பொண்ணுக்கு அப்போ வரன் பார்த்துட்டிருந்தாங்க. பரம்பரை நோய்னு தெரிஞ்சா வரன் போயிடும், அதான் மறைச்சார். வீட்ல எல்லாரும் சொல்றதாச்சேன்னு அக்காவும் அதையே நம்பினாங்க.

நோய் உறுதியாகி, அக்கா சேனல் ஆரம்பிச்சு ரொம்ப நாள் கழிச்சு, சேனல்ல போடலாம்னு தன்னோட கல்யாண வீடியோவை என்கிட்ட குடுத்தாங்க. சர்ச்சுக்குள்ள அப்பா கையைப் பிடிச்சுட்டு நடந்து வர்ற சீன். அப்பா தடுமாறுவார். அவங்க வீட்ல அது பெரிய காமெடி. "புது ஷூ கடிக்குது பாரு"ன்னு ஓட்டுவாங்க. நானும் சிரிச்சேன். அக்கா சிரிக்கல.

"டேய் அசார், ஸ்லோ பண்ணு. வலது பாதத்தைப் பாரு. மேல தூக்கவே முடியல, தரையில தட்டுது. ஷூ இல்லடா அது. எனக்கு இருக்கறதுதான்."

ஜீன் டெஸ்ட் எடுத்தாங்க. எஸ்.ஓ.டி. ஒன்னுன்னு ஒரு ஜீன், அதுல ஒரே ஒரு எழுத்து மாறியிருந்துச்சு. அப்பாகிட்டேந்து பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பாவமோ சாபமோ எதுவும் கிடையாது. அந்த ஜீனுக்குன்னே ஒரு மருந்து வந்திருக்கு. குணமாக்காது, நோயோட வேகத்தைக் குறைக்கலாம். ஆனா அதுக்குள்ள அக்கா மூச்சு விடவே மெஷின் வந்துடுச்சு. "முன்னாடியே சொல்லியிருந்தா முயற்சி பண்ணியிருக்கலாமே"ன்னார் டாக்டர்.

யார் சொல்லியிருக்கணும்?

காலையில ஜோனத்தான் அண்ணா என்னை ஓரமா கூப்பிட்டார். "தம்பி, போட்டோ மட்டும் போடு. அந்த வீடியோ வேணாம். சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க."

அண்ணா, இங்கயே பதில் சொல்றேன். அக்காவுக்கு உங்க மேல கோபமே இல்ல. எனக்குத்தான். கண்ணசைவுல டைப் பண்ற மெஷின்ல ஒவ்வொரு எழுத்தா அவங்க அடிச்சது இது: "அண்ணனை டெஸ்ட் எடுக்கச் சொல்லாத. அது அவன் இஷ்டம். அடுத்த தடவை டாக்டர் கேட்டா, அப்பாவுக்கு இருந்துச்சு, தங்கச்சிக்கு இருந்துச்சுன்னு மட்டும் சொல்லச் சொல்லு. வீடியோவைப் போடு. என் கல்யாணம், என் அப்பா."

உங்க பொண்ணுக்காகத்தான் மறைச்சீங்க. நாளைக்கு அவளை ஒரு டாக்டர் இதே கேள்வி கேட்டா, அவளுக்கு என்ன பதில் குடுத்து வெச்சிருக்கீங்க?

சேனல் நிக்காது. வீட்ல 'விழுந்து படுத்தவங்க' யாராவது இருந்தா, பழைய வீடியோவைத் தேடி எடுத்துட்டு வாங்க. உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம், டாக்டர்கிட்ட சேர்ந்தே போவோம். அக்காவுக்கு நான் குடுக்கற வாக்கு இது.

லைட்டை அணைங்க. இப்போ தேவானந்தம் ஐயா பொண்ணு கையைப் பிடிச்சுட்டு நடந்து வருவார். இந்தத் தடவை யாரும் சிரிக்காதீங்க.