வாய்க்கு வந்த எண்பது

"ஹலோ… அக்காவா? என்னக்கா, ஆபீஸ் நம்பருக்கே கூப்பிடறே… இல்ல இல்ல, சொல்லு. ம்… ம்… என்னது? இன்னிக்கேவா?"

டியூஷன் சென்டரின் முன் மேசை அவளுடையது. பிள்ளைகளின் மார்க்கைப் பார்த்து, எந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் என்று பெற்றோருக்குக் கணித்துச் சொல்வதுதான் வேலை. எதிரே ஒரு அம்மா காத்திருந்தாள், போன வாரமும் வந்துவிட்டுப் போனவள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளி. அவருக்குப் பாம்புக்காது.

"பதறாம சொல்லுக்கா. பாப்பாவுக்குத்தான் கைல ஒரு இடம் இருக்கே, அந்தச் சின்ன யூனிவர்சிட்டில… ஆமா, ஆமா. அதை விட்டுக்குடுத்தாத்தான் பெரிய யூனிவர்சிட்டிக்கு ரெண்டாவது சுத்து கவுன்சலிங்ல நிக்கலாம். ரூல் அதுதான்… யாரு, அத்தானா? வேண்டாம்னு போடப் போறாரா! எதை நம்பி?… நானா? நான் எப்பச் சொன்னேன்?"

சொல்லியிருந்தாள். போன வாரம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, "எண்பது சதவீதம் கெடைச்சிடும்க்கா" என்று சொல்லியிருந்தாள். எண்பதுக்குக் கீழே சொன்னால் ஆட்கள் அடுத்த தெரு சென்டருக்கு ஓடிவிடுவார்கள் என்பது முதலாளியின் வேதவாக்கு. நாளெல்லாம் அதையே ஓதி ஓதி, சொந்த அக்கா தன் மகளுக்காகக் கேட்டபோதும் வாய் பழக்கதோஷத்தில் அதையே உளறிவிட்டது. இப்போது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, அத்தானை நிறுத்து… காரணம் அப்புறம் சொல்றேன்… சத்தமாப் பேச முடியாதுக்கா, பக்கத்துல ஆள் இருக்கு… கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டாரா? ஐயோ, போய்க் கையைப் பிடி!… சரி, அவர்கிட்டயே குடு."

முதலாளி தலையை நிமிர்த்திப் பார்த்தார். அவள் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள்.

"அத்தான், நல்லா இருக்கீங்களா?… ஆமா… ஆமா அத்தான், நான்தான் சொன்னேன். ஆனா எண்பதுன்னா… நீங்க தைரியசாலிதான், யாரு இல்லேன்னா? அதுக்காக அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா… சிரிக்காதீங்க அத்தான்!… பாப்பாவும் சரின்னுட்டாளா? அவ என் பேச்சை நம்பித்தானே… இருங்க. இருங்கன்னா! கையை எடுங்க!"

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். வேலை போகும் என்பது தெரிந்தது. பாப்பாவின் படிப்பு அதைவிட முன்னால் வந்து நின்றது.

"எண்பது இல்ல அத்தான்! அவ மார்க்குக்கு முப்பது தேறினாலே பெரிசு! போன வருஷம் அதே மார்க் வாங்கினவங்கள்ல பத்துக்கு மூணு பேருக்குத்தான் கெடைச்சுது… பொய்தான். ஆமா, பொய்தான்! இங்க வர்றவங்க எல்லாருக்கும் அந்த எண்பதைத்தான் சொல்றோம்!… திட்டுங்க, நல்லாத் திட்டுங்க. அழுத்தலையே?… பாப்பா மேல சத்தியமா?… மூடிட்டீங்களா? அப்பாடா."

உயிர் திரும்பி வந்ததில் அவளுக்கு அழுகை முட்டியது. முதலாளி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"அக்கா… ம்… ம்… சாயங்காலம் வரேன், மிச்சத்தை நேர்ல திட்டு… வேலையா? அதான் முதலாளி கிளம்பி வர்றாரே… இல்லக்கா, அழல. வச்சிடறேன். எதிர்ல ஒரு அம்மா எழுந்து நிக்கறாங்க… அவங்களுக்கும் போன வாரம் எண்பதுன்னுதான்க்கா சொன்னேன். அவங்க பொண்ணு கைல இருந்த இடத்தை நேத்தே விட்டுக்குடுத்துட்டாங்களாம்."