பழைய பிரிண்டர் என்ற பெயரில்

"ஹலோ… அண்ணா, வெச்சிடாதீங்க! லீவுன்னு தெரியும்… தெரியும், தெரியும், குழந்தை இப்பதான் தூங்குது. இங்க ஆபரேஷனுக்கு ஒரு அம்மா படுத்திருக்காங்க. ரத்த ரிசல்ட் தியேட்டர் திரையில வரல. டாக்டர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறார்!"

மருத்துவமனைக் கணினி அறையில் அவள் தனியாள். எந்த இயந்திரம் எதோடு பேசலாம் என்று காவல் காக்கும் ஃபயர்வாலை அமைத்தவர் விடுப்பில் போனதிலிருந்து எல்லாம் அவள் தலையில்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேலாளர் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

"ஆமா… ஆமா, நான்தான் மாத்தினேன். ஃபயர்வால்ல 'பழைய பிரிண்டர்'ங்கற பேர்ல ஒரு முகவரி இருந்துச்சு. அந்தப் பிரிண்டரைத்தான் எடைக்குப் போட்டாச்சே! அதனால புதுப் பிரிண்டர் முகவரியை அதுல போட்டேன்… என்னது?… அது பிரிண்டரே இல்லையா?… ரத்த மெஷினா!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்ணா, ரத்த மெஷினுக்கு யாராவது பிரிண்டர்னு பேர் வெப்பாங்களா?… சரி, அவசரத்துல முகவரியை மட்டும் மாத்தினீங்க. பேரை மாத்த எவ்வளவு நேரமாகும்?… ஒரே பேரை ஒன்பது விதியிலயும் போடலாம், ஒரு இடத்துல தொட்டா ஒன்பதும் மாறும், ரொம்ப வசதின்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? ஒன்பதும் இப்போ பிரிண்டர் வாசல்ல போய் நிக்குது!… கத்தாம என்ன செய்யறது? முகவரியைச் சொல்லுங்க, கடைசி எண் மட்டும்… நாப்பதா? நாப்பது லிஃப்ட் கேமராண்ணா!… 'புதுசு'ங்கற ஃபைல்ல பாக்கறதா? எந்தப் புதுசு? 'புதுசு', 'புதுசு ரெண்டு', 'புதுசு கடைசி', 'புதுசு கடைசி நிஜம்'… எது?… நிஜமா?… ம்… நாப்பத்தேழு. போட்டாச்சு. இருங்க, லைன்லயே இருங்க."

மேசைத் தொலைபேசி அலறியது. பாய்ந்து எடுத்தாள்.

"சொல்லுங்க லேப்… போகுதா? எல்லாமே?… நல்லவேளை!"

அப்படியே நாற்காலியில் சரிந்தாள். கைபேசியை மறுபடி காதில் வைத்தாள்.

"வந்துடுச்சுண்ணா. டாக்டர் உள்ள போயிட்டாராம்… சிரிக்காதீங்க, எனக்கு உயிரே போயிடுச்சு. இப்பவே பேரை மாத்தறேன், 'ரத்தப் பரிசோதனை மெஷின்'… நீளமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்!… ஆங், கேக்கவே மறந்துட்டேன். குழந்தைக்குப் பேர் வெச்சாச்சா?… இன்னும் இல்லையா? அப்போ வீட்டுல எப்படிக் கூப்பிடறீங்க?… எப்படி?… 'புதுசு'ன்னா?"

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"அண்ணா, போனை அண்ணிகிட்டக் குடுங்க… இல்ல, இப்பவே குடுங்க… ஹலோ?… ஹலோ!"