பூட்டிய ஊஞ்சல்

சங்கத் தலைவர் அவர்களே, மேடையிலும் புல்தரையிலும் அமர்ந்திருக்கும் தென்னூர்ப் பெருமக்களே, கணவரை இழந்து முன்வரிசையில் இருக்கும் வேலம்மாள் அம்மையாரே, வணக்கம்.

நம் பூங்காவின் தோட்டக்காரராக இருந்த திரு. வீரமலை அவர்கள் சென்ற வெள்ளிக்கிழமை மறைந்தார். பூங்காச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அவர் தொண்டைப் புகழ்ந்து பேச என்னைப் பணித்திருக்கிறார்கள். புகழத்தான் வந்தேன். ஆனால் அவரை வேலையை விட்டு அனுப்பியவனும் நான்தான். அதைச் சொல்லாமல் எப்படிப் புகழ்வது?

அதோ நிற்கிறதே கொடுக்காப்புளி மரம், அதை வெட்டிவிட ஐம்பத்தெட்டாம் ஆண்டில் தீர்மானம் போட்டோம். காய்க்காகப் பிள்ளைகள் கல்லெறிகிறார்கள், பூங்கா வானொலியில் செய்தி கேட்க வருகிறவர்களின் மண்டை தப்பவில்லை என்பது நம் புகார். வீரமலை கோடாரி எடுத்தாரா? இல்லை. ஒரு துறட்டி கட்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் மரத்தடியில் நின்று அவரே பறித்துப் போட்டார். கல்லெறி நின்றது, மரமும் பிழைத்தது. குழாய் எட்டாத குழந்தைகள் ஏறி நிற்க அடியில் கல் போட்டவர் யார்? வீரமலை. ‘புல்லை மிதிக்காதே’ என்று நாம் நட்ட பலகையின் மேல் அவரைக்கொடியைப் படரவிட்டவர் யார்? அவரேதான்!

அறுபதாம் ஆண்டு தை மாதம் ஊஞ்சல் வந்தது. திறந்துவைக்கப் பெரிய மனிதர் ஒருவரைக் கேட்டிருந்தோம். அதுவரை யாரும் ஆடக்கூடாது என்று சங்கிலி போட்டுப் பூட்டினேன். தேதி மூன்று முறை தள்ளிப்போனது. எட்டு மாதம்! பிள்ளைகள் வந்து பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு ஞாயிறு மாலை நான் வந்தபோது ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. சாவி வீரமலையின் கையில் இருந்தது.

எல்லார் முன்னிலையிலும் கத்தினேன். அவர் மெதுவாகத்தான் பதில் சொன்னார்.

“விழாவ எப்ப வேணாலும் வச்சுக்கலாங்க. புள்ளைங்க வளந்துகிட்டே இருக்குதுங்களே.”

மறுநாளே அவரை நிறுத்திவிட்டேன்.

பிறகு விழா நடந்தது, மாலை மரியாதையெல்லாம் குறைவில்லை. பூட்டைத் தொட்டுப் பார்த்தவர்களில் மயிலம்மாள் என்றொரு சிறுமி. அதற்குள் தாவணி போட்டுவிட்டாள், வீட்டில் விளையாட அனுப்பவில்லை. அவள் இந்த ஊஞ்சலில் ஆடியது அந்த ஒரு ஞாயிறு மட்டும்தான், வீரமலை தயவில்.

அது தெரிந்த அன்றுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது. அவரோ ஜீயபுரத்தில் வாழைக்கொல்லை வேலைக்குப் போய்விட்டார். திரும்ப அழைக்க நினைத்தேன். பொங்கல் போகட்டும், ஆண்டுக் கூட்டம் முடியட்டும் என்று நானும் தேதியைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். இரண்டு வருடம் போய்விட்டது. வேலம்மாள் அம்மையாரே, அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உங்களிடம் கேட்கிறேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி முடிக்க வேண்டும். கூற வாய் வரவில்லை. கூட்டத்துக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று இன்று நான்கு மணிக்கே பூங்காக் கதவைப் பூட்டியவனும் நான்தான். கம்பிக்கு வெளியே பிள்ளைகள் நிற்கிறார்கள், பாருங்கள். சாவி என்னிடம் இருக்கிறது. இன்னும் நால்வர் பேச வேண்டும், அவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் போய்க் கதவைத் திறந்துவிடுகிறேன். மிச்சத்தை அந்த இரைச்சலோடே பேசுங்கள்.